மழலைக்கு உடன்பிறந்தார் துணை

நம் குடியிருப்பில் பேச்சுத் தாமதமாகும் குழந்தைகளைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம். இரண்டு வயது நிரம்பியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தையைப் "போகப் போகப் பேசிவிடுவான்" என்று விட்டுவிடுதல் நன்றன்று. முதற்கண் செவிப்புலனைச் சோதித்தல் வேண்டும். மைசூரில் 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனமும், மும்பை பாந்திராவில் 1983-இல் தோன்றிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறைக்கென்றே அமைந்தவை.

ஆயின், பயிற்சியாளரிடம் குழந்தை இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரமே. எஞ்சிய பொழுதில் அதனோடு கூடி ஆடுவோர் அண்ணனும் அக்காளும் அல்லரோ? அவர்தம் அன்பே சிலபோது இடையூறாகின்றது. தம்பி குவளையை நோக்குமுன்னரே, "அவனுக்குத் தண்ணீர் வேண்டுமாம்" என்று அக்காள் கூறிவிடுகின்றாள். தாமதத்திற்கு அது காரணமன்று. எனினும் தம்பி வாய்திறக்கும் வாய்ப்பு ஒன்று குறைந்து போகின்றது.

ஆகவே, மூத்த பிள்ளைக்குக் காத்திருக்கப் பழக்குவோம். தம்பியின் முகம் நோக்கி, மனத்துள் ஐந்து வரை எண்ணட்டும். அவன் "பந்து" என்றால், "ஆமாம், சிவப்புப் பந்து" என்று வளர்த்துச் சொல்லட்டும். சொல் பிழைத்தால் நகையாமல், திருத்தமாகத் தான் ஒருமுறை சொல்லட்டும். பந்தை உருட்டி "என் முறை, உன் முறை" என்று ஆடுவதும் உரையாடலுக்குப் பயிற்சியே.

இருமொழி கேட்பதால் பேச்சுத் தடைப்படும் என அஞ்சி, வீட்டில் தமிழை விலக்குவோர் உளர். அவ்வச்சம் ஆதாரமற்றது. பள்ளியில் இந்தி பேசிவரும் அண்ணன், வீட்டில் தம்பியோடு தமிழிலேயே விளையாடலாம். ஊரிலுள்ள பாட்டியோடு பேச அவனுக்கு வேறு மொழி ஏது?

மற்றொன்று: மூத்த பிள்ளையை ஆசிரியராக்கிவிடலாகாது. நாளொன்றுக்குப் பத்து நிமிட விளையாட்டே போதும். "தம்பி பேசாதது என்னாலோ?" என்னும் ஐயம் அப்பிள்ளையின் நெஞ்சில் எழலாம். இஃது எவர் குற்றமும் அன்று என வெளிப்படையாகக் கூறுங்கள். "எல்லாம் அவனுக்கே" என்று ஏங்காதவாறு, அப்பிள்ளைக்கெனவும் நாள்தோறும் சிறிது பொழுது ஒதுக்குங்கள்.

அடுத்த முறை பயிற்சிக்குச் செல்லுங்கால், பயிற்சியாளரின் இசைவு பெற்று, மூத்த பிள்ளையையும் உடனழைத்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம். ஆங்குக் கண்டதை அப்பிள்ளை இல்லத்தில் விளையாட்டாகச் செய்யும். நாம் நூறுமுறை சொல்லியும் வாராத சொல், அவ்விளையாட்டின் நடுவே வருதலும் கூடும்.