ரங்கூனில் மூடிய கடையும் லக்சம்பேர்க்கில் திறந்த கதவும்

(ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் அறிமுகப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் இளையோருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் அறிமுகப் பரீட்சை என்றதும் மாணவர் பலர் நிறுவனங்களின் பெயர்களையும் ஒப்பந்தங்களின் ஆண்டுகளையும் மனனம் செய்யத் தொடங்குகின்றனர். பிள்ளை இரவிரவாகப் படிக்கின்றது என்று பெற்றோரும் மனநிறைவு கொள்கின்றனர். ஆயினும் இப்பாடத்தில் மனனம் பாதி வழிக்குமேல் துணைவராது. பாடம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது: ஓர் அரசோ, அரசுகளின் கூட்டமைப்போ தனக்கு இழைத்ததை எதிர்த்து ஒரு தனிமனிதர் எந்தக் கதவைத் தட்டலாம்? இக்கேள்வியின் கனத்தைத் தமிழர் உணர்வதற்கு ஏற்ற ஊர் ஒன்று உண்டு. அதுவே ரங்கூன், இன்றைய யாங்கோன்.

பர்மாவில் 1962 ஆம் ஆண்டு ஜெனரல் நே வின் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பெப்ரவரியில் தனியார் வங்கிகள் அனைத்தும் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் ரங்கூன் நகரின் கடைகள் அரசின் கைக்குச் சென்றன. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நாணயத்தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாகத் தேடிய தேட்டத்தை ஒருசில மாதங்களில் இழந்த இந்திய வம்சாவளியினருள் தமிழர் பெருந்தொகையினர். கப்பலேறிச் சென்னைக்கு வந்து, நடைபாதையில் வாழ்வை மீண்டும் தொடங்கிய அம்மக்களின் நினைவைச் சென்னைத் துறைமுகத்தின் அருகேயுள்ள பர்மா பசார் இன்றும் பெயரிலே தாங்கி நிற்கின்றது. அவர்கள் இழந்தது பொருளை மட்டுமன்று. தம்மை வெளியேற்றிய அரசுக்கு மேலே முறையிடுவதற்கு ஒரு மன்றம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஒரு நாடு தனது எல்லைக்குள் செய்வது அந்நாட்டின் விடயம் என்பதே அக்காலச் சர்வதேசச் சட்டத்தின் பொதுவான நிலைப்பாடாக இருந்தது.

வங்கிகள் பறிபோன அதே மாதத்தில், 1963 பெப்ரவரி 5 ஆம் நாள், லக்சம்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. மேற்கு யேர்மனியிலிருந்து ஓர் இரசாயனப் பொருளை இறக்குமதி செய்த வான் கென்ட் என் லோஸ் என்னும் நெதர்லாந்து நிறுவனத்திடம் 3 வீதமாக இருந்த சுங்கவரிக்குப் பதிலாக 8 வீதம் அறவிடப்பட்டது. உறுப்பு நாடுகள் தமக்கிடையே வரியை உயர்த்தலாகாது என்று 1957 ஆம் ஆண்டின் ரோம் ஒப்பந்தம் கூறியிருந்தது. ஒப்பந்தம் செய்தவை அரசுகளாயிற்றே, ஒரு நிறுவனம் அதனை எப்படித் தனக்கு ஆதாரமாகக் காட்டலாம் என்பதே வழக்கு. இந்தப் புதிய சட்ட ஒழுங்கின் உரிமையாளர் அரசுகள் மட்டுமல்லர், அவற்றின் மக்களுமே என்று நீதிமன்றம் விடையளித்தது. இதுவே பாடநூல்கள் 'நேரடி விளைவு' என்று கூறும் கோட்பாடு. தெளிவானதும் நிபந்தனையற்றதுமான ஒப்பந்த விதியை ஒரு குடிமகன் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே எடுத்துக்காட்டலாம்.

ரங்கூனில் கடைகள் மூடப்பட்ட 1964 ஆம் ஆண்டின் தீர்ப்போ மேலும் நெருக்கமானது. அதுவும் அரசுடைமையாக்கம் பற்றியதே. இத்தாலி தனது மின்சாரத்துறையை 1962 இல் அரசுடைமையாக்கி எனெல் என்னும் அமைப்பிடம் ஒப்படைத்தது. மின்நிறுவனம் ஒன்றில் பங்குதாரராக இருந்த மிலான் நகரச் சட்டத்தரணி கொஸ்தா, அது ஒப்பந்தத்துக்கு முரணானது என்று கூறி 1,925 லிரா மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். உள்ளூர் நீதிபதி லக்சம்பேர்க்கிடம் விளக்கம் கேட்டார். பின்வந்த நாட்டுச் சட்டம் முன்வந்த ஐரோப்பியச் சட்டத்தை மேவ முடியாது என்று 1964 யூலை 15 இல் நீதிமன்றம் உரைத்தது. இதுவே 'முதன்மை' என்னும் கோட்பாடு. இங்கே மாணவர் அவதானிக்கவேண்டியது ஒன்று உண்டு. கொஸ்தாவால் அரசுடைமையாக்கத்தைத் தடுக்க முடியவில்லை. சிறியதொரு மின்கட்டணத்துக்காக ஒரு குடிமகன் தொடுத்த வழக்கை உயர்மன்றம் ஒன்று கேட்டது, நாட்டுச் சட்டத்தை அளப்பதற்கு ஓர் அளவுகோலை வைத்தது என்பதே அத்தீர்ப்பின் பெருமை. ரங்கூன் வணிகருக்குக் கிடைக்காதது அந்தக் கேட்டல்தான்.

'நாடுகளுக்கு மேலான சட்டம்' என்பதன் பொருளும் இதுவே. ஒப்பிட்டுப் பார்க்க மீண்டும் யாங்கோனுக்கே செல்லலாம். 1997 யூலையில் மியன்மார் ஆசியான் அமைப்பில் இணைந்தது. 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனம், முடிவுகள் கலந்தாலோசனையாலும் ஒருமித்த கருத்தாலும் எடுக்கப்படும் என்கிறது. தனிமனிதர் அரசை எதிர்த்து முறையிடும் நீதிமன்றம் அங்கு இல்லை. 2021 பெப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின், ஏப்ரலில் ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்ச இணக்கம் கண்டனர். அதனை நடைமுறைப்படுத்துமாறு கட்டளையிட எந்த மன்றமும் இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை இரண்டு வாக்கியங்களில் எழுதத் தெரிந்த மாணவர் பாடத்தின் முதல் அலகை விளங்கிக்கொண்டவர்.

இனிப் பயிற்சிக்கு ஒரு வழக்கு. மியன்மார் இராணுவ ஆட்சிக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைகளின்கீழ், தே ஸா என்னும் பெருவணிகரின் சொத்துக்கள் முடக்கப்பட்டன. அவருடைய மகன் பியே பியோ தே ஸாவின் பெயரும் பட்டியலில் இடம்பெற்றது. தந்தைக்கு மகன் என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். மகன் வழக்குத் தொடுத்தார். 2010 மே மாதம் முதல்நிலை மன்றமாகிய பொது நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. மேன்முறையீட்டில், 2012 மார்ச் 13 அன்று, ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேராயம் அவரைப் பொறுத்தவரையில் அவ்விதியை ரத்துச்செய்தது. ஆட்சியாளரோடு தொடர்புடைய வணிகத் தலைவர்மீது தடைவிதிக்கலாம். ஆயின் அவரவர் நடத்தையைப் பாராமல், குடும்ப உறவை மட்டும் கொண்டு பிள்ளைகள்மீதும் அதனை விரிப்பதற்கு அன்றைய ஒப்பந்தம் இடமளிக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கை விருப்பு வெறுப்பின்றி வாசிப்பதே பயிற்சி. இராணுவ ஆட்சியால் துன்புற்றோர் பக்கமே மனம் சாயும், அது இயல்பு. ஆயினும் பரீட்சைத்தாள் மனச்சாய்வைக் கேட்பதில்லை. ஐந்து வினாக்களை வரிசையாகக் கேட்டு விடை எழுதுவதே பயனுள்ள முறை. முதலாவது, எதிர்க்கப்படும் சட்டவாக்கம் யாது? இங்கே அது 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. ஒழுங்குவிதி எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகவே செல்லுபடியாகும், பணிப்புரையோ நாட்டுச் சட்டமாக மாற்றப்பட வேண்டும். இரண்டாவது, அதனை இயற்றிய நிறுவனத்துக்கு அதிகாரம் தந்த ஒப்பந்தப் பிரிவு யாது? மூன்றாவது, வழக்காளிக்கு வழக்காடும் தகுதி உண்டா? பட்டியலில் பெயர் குறிக்கப்பட்டவருக்கு இது எளிது. நான்காவது, எந்த மன்றம், எத்தனை நாளுக்குள்? ரத்து வழக்குக்கான காலம் பொதுவாக இரண்டு மாதங்கள். ஐந்தாவது, தீர்ப்பின் எல்லை எது? 2009 டிசம்பரில் லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் தனிநபர்மீதான தடைகளுக்குப் புதிய பிரிவு உண்டு என்பதால், இதே வழக்கு பின்னாளில் எழுந்தால் வேறு அடிப்படையில் ஆராயவேண்டும். இதனைக் குறிப்பிடும் விடைத்தாள் தனித்து நிற்கும்.

இதே ஒழுக்கம் தமிழரின் மனதுக்கு நெருக்கமான வழக்குகளிலும் வேண்டும். விடுதலைப் புலிகளை 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் தடைப்பட்டியலில் சேர்த்தது. தடையை நீடித்த முடிவுகள் சிலவற்றைப் பொது நீதிமன்றம் 2014 ஒக்டோபரில் ரத்துச்செய்தது. தகுதியுள்ள அதிகாரிகளின் தீர்மானங்களுக்குப் பதிலாகப் பத்திரிகை, இணையத் தகவல்களில் சபை தங்கியிருந்தது என்பதே காரணம். 2017 யூலையில் மேன்முறையீட்டு மன்றமும் அதனை உறுதிசெய்தது. இதனைத் தடைநீக்கம் என்று பலர் கொண்டாடினர். ஆனால் நடைமுறைக் குறை பற்றிய அத்தீர்ப்பு அமைப்பின் தன்மை குறித்து எதையும் முடிவுசெய்யவில்லை. பின்வந்த முடிவுகளால் பெயர் பட்டியலில் தொடர்ந்தது. நடைமுறையையும் உள்ளடக்கத்தையும் பிரித்தறிவதே சட்ட மாணவரின் முதல் தேர்ச்சி.

பொதுவான பிழைகள் சிலவற்றையும் சுட்டவேண்டும். லக்சம்பேர்க் நீதிமன்றம் ஒன்றியத்துக்குரியது. ஸ்ராஸ்பூர்க்கிலுள்ள மனித உரிமைகள் நீதிமன்றம் ஐரோப்பா மன்றம் என்னும் வேறோர் அமைப்புக்குரியது. அரச தலைவர்கள் கூடும் ஐரோப்பியப் பேரவை வேறு, அமைச்சர்கள் சட்டமியற்றும் சபை வேறு. நோர்வேயும் சுவிற்சர்லாந்தும் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அல்ல. பிரித்தானியா 2020 சனவரி 31 இல் விலகியது. தமிழர் செறிந்து வாழும் நாடுகள் இவை என்பதால், தான் எந்தச் சட்டத்தின்கீழ் வாழ்கின்றார் என்பதை மாணவர் முதலில் அறிதல் நன்று.

பெற்றோர்களே, பிள்ளை எத்தனை பக்கம் படித்தது என்று கேட்பதைக் காட்டிலும், இன்று படித்த வழக்கில் யார் யாரை எதிர்த்தார், எதற்காக என்று கேளுங்கள். தாய்மொழியில் அதனைச் சொல்ல முடிந்த பிள்ளை பரீட்சையில் எம்மொழியிலும் எழுதும். வீட்டிலே நாட்டைவிட்டு வந்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும். அதையும் சொல்லுங்கள். முறையிட மன்றமில்லாமற் போனவர்களின் கதையைக் கேட்ட பிள்ளைக்கு மன்றம் ஒன்றின் அருமை விளங்கும்.

இளையோரே, பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். சட்டத்தின் கதவு எங்கே இருக்கின்றது, அதனை எப்படித் தட்டுவது என்று தெரிந்த ஒருவர் ஒரு சமூகத்தில் இருப்பது நீண்டகாலப் பயன். அந்த ஒருவராக ஆகுங்கள்.