ஜீன்ஸ் எந்த ஊர்த் துணி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் சங்கப் பொங்கல் விழாவுக்கு ஜீன்ஸ் போட்டு வரக்கூடாது என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. 'அந்நிய உடை' என்று காரணம் எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது.

1998-இல் 'ஜீன்ஸ்' படம் வந்த வருடம், தீபாவளிக்கு என் மகள் ஜீன்ஸ் கேட்டாள். (அந்தப் படமோ இரட்டைப் பிறவிகளின் கதை, மரபணுவுக்கும் ஜீன் என்றுதான் பெயர்.) "வெள்ளைக்காரன் துணி நமக்கெதுக்கு?" என்று பாவாடை தாவணி எடுத்துக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் கணக்கைச் சரிபார்த்தேன். வங்கியில் இப்படிச் செய்திருந்தால் மெமோ வந்திருக்கும்!

இத்தாலியில் ஜெனோவா என்றொரு துறைமுகம். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஜென்' என்பார்கள். அந்த ஊர் முரட்டுத் துணிக்கு ஊர்ப் பெயரே நின்றது, காஞ்சிபுரம் என்றாலே பட்டுப்புடவை என்கிறோமே, அப்படி. டெனிம் பிரான்சின் நீம் நகரப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். உழைப்பாளிகள் போட்ட டங்கரி என்ற முரட்டுத் துணிக்கோ நம் மும்பையின் டோங்ரிதான் பெயர் கொடுத்தது. அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் ஜவுளி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் பாக்கெட் ஓரம் கிழியாமலிருக்கச் செம்பு ஆணி அடித்துக் காப்புரிமை வாங்கியது 1873-இல்.

இனி அந்த நீலத்துக்கு வருகிறேன். இண்டிகோ என்ற சொல்லுக்கே 'இந்தியாவிலிருந்து வந்தது' என்றுதான் பொருள். அது நம் அவுரிச் செடி. அறுத்துத் தொட்டியில் ஊறப்போட்டு, அந்த நீரைக் கலக்கக் கலக்கப் பச்சை மாறி நீலமாகும். அடியில் தங்குவதைக் காய்ச்சி, காயவைத்துக் கட்டியாக்குவார்கள். விழுப்புரம் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம் அவுரிக்குப் பெயர்போனது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்தத் தொழில் நொடித்தது. ஆனாலும் திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, சாயமும் எடுக்கிறார்கள்.

இதை மகளிடம் போனில் சொன்னேன். "அப்போ அந்தத் தீபாவளிக்கே வாங்கிக் கொடுத்திருக்கலாமேப்பா" என்றாள். நியாயம்தானே?

விழாவுக்கு வேட்டி, சேலையில் வாருங்கள் என்று அன்பாகக் கேட்போம். நானும் வேட்டியில்தான் வருவேன். ஆனால் 'அந்நிய உடை' என்ற சொல்லைச் செயலாளர் நீக்கிவிட வேண்டுகிறேன். அதுவரை என் கையெழுத்தை அடித்து வையுங்கள்.