தரையில் நின்ற விமானப் படையினர்

வானில் ஒரு போர் விமானம் பறப்பதைக் கண்டால் நம் எண்ணம் உடனே விமானியிடம் செல்கிறது. அது இயல்பே. ஆனால் அந்த ஒருவர் பறப்பதற்குத் தரையில் பலர் உழைக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய தரைப் பணியாளர் குழுவில் இருந்தவர்கள் நாங்கள். அப்பணியைப் பற்றிச் சில செய்திகளை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சிங்கப்பூரில் இத்தொழில் பழமையானது. 1928-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் விமானப் படையின் பறக்கும் படகுகள் சிலேத்தாரில் வந்து இறங்கின. பின்னர் தெங்கா, சாங்கி, செம்பவாங் ஆகிய இடங்களிலும் தளங்கள் எழுந்தன. 1968 ஜனவரியில், தன் படைகள் வெளியேறும் என்று பிரிட்டன் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் வான் பாதுகாப்புப் படைப்பிரிவு தோன்றியது. 1969-இல் எட்டு செஸ்னா பயிற்சி விமானங்கள் வந்தன. 1970-இல் ஹண்டர் போர் விமானங்கள் வரத் தொடங்கின. 1975 ஏப்ரல் 1 முதல் அப்படை சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப் படை என்ற பெயரைப் பெற்றது.

விமானம் வந்தால் போதுமா? அதைப் பேணும் கைகள் வேண்டுமே! சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இளைஞர்கள் ஒன்றாகப் பயின்றோம்.

எங்கள் வேலை பொழுது விடியுமுன் தொடங்கும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பார்ப்போம். நம் ஊரின் ஈரக் காற்றினால் தொட்டியினுள் நீர் சேரக்கூடும். நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்கும். அது இயந்திரத்துக்குள் சென்றால் நடுவானில் தீங்கு நேரலாம். அடுத்து, சக்கரங்களில் வெட்டு உண்டா என்று தடவிப் பார்ப்போம். பிறகு வரிசையாக நடந்து, தரையில் கிடக்கும் கல்லையும் ஆணியையும் பொறுக்குவோம். காற்றை உறிஞ்சும் ஜெட் இயந்திரம் கல்லையும் சேர்த்தே உறிஞ்சிவிடும் அல்லவா?

ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையில் வெடிமருந்து இருக்கும். தரையில் நிற்கையில் அது வெடிக்காதிருக்கப் பாதுகாப்பு ஊசிகள் செருகப்பட்டிருக்கும். பறக்குமுன் அவற்றை எடுத்தாக வேண்டும். ஓர் ஊசி மறந்துபோனாலும், உயிர் காக்க வேண்டிய இருக்கை வெறும் நாற்காலியாகிவிடும். எடுத்த ஊசிகளை நாங்கள் எண்ணுவோம், விமானியும் எண்ணுவார்.

ஒரு மாலை, கருவிப் பலகையில் ஒரு சிறிய ஸ்பேனர் குறைந்தது. கடைசியாக அதை எடுத்த இளைஞர், "என்னிடம் இல்லை, விமானத்துக்குள் விட்டிருக்கலாம், அண்ணே" என்று தாமே முன்வந்து சொன்னார். சுங்கை ரோட்டுப் பழைய சந்தையில் அதுபோன்ற ஸ்பேனர் அப்போது சில காசுகளுக்குக் கிடைத்தது. வாங்கி மாட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. மறுநாள் காலைப் பறப்பு நிறுத்தப்பட்டது. தகடுகளைக் கழற்றித் தேடினோம். நள்ளிரவுக்குப் பிறகு, வால்பகுதியை இயக்கும் தண்டின் அருகே அது கிடைத்தது. தண்டு அசையாமல் சிக்கியிருந்தால் விமானி திரும்பியிருக்க மாட்டார். இளைஞருக்குக் கண்டிப்பும் கிடைத்தது; அந்த விமானியின் கைகுலுக்கலும் கிடைத்தது.

சம்பள நாளன்று சிராங்கூன் சாலைக்குப் போவோம். சாப்பாட்டுக் கடையில், "தம்பி, நீங்கதான் பிளேன் ஓட்டுறீங்களா?" என்று கேட்பார்கள். நகக்கண்ணில் படிந்த கரியைக் காட்டிச் சிரிப்போம்.

விமானி பதிவேட்டில் கையொப்பமிடுமுன், அதில் எங்கள் கையொப்பங்கள் இருக்கும். 'நாங்கள் பார்த்தோம், சரியாக இருக்கிறது' என்பதே அவற்றின் பொருள். பாராமல் இடும் கையொப்பம் பொய் சாட்சிக்கு ஒப்பாகும். இது விமானத்துக்கு மட்டும் உரியதன்று. மின்தூக்கியைப் பழுதுபார்ப்பவரும், மருந்தை அளந்து கொடுப்பவரும், பள்ளிப் பேருந்தின் தடையைச் சோதிப்பவரும் முகம் அறியாத ஒருவரின் உயிருக்குப் பொறுப்பேற்கிறார்கள். குறையை உடனே சொல்லும் துணிவும், சொன்னவரை மதிக்கும் பண்பும் சேர்ந்திருக்கும் பணியிடத்தில்தான் உயிர்கள் காக்கப்படுகின்றன.