பூச்சுக்குள் மறையும் பொந்து
(ஆலத்தூர் நாட்டில் ஒன்றிய வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



பலாப்பழம் பழுத்ததா என்று பார்க்க இம்மலை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தட்டினால் எழும் ஓசையே உள்ளிருப்பதைச் சொல்லிவிடும். நாம் கட்டும் சிறுபாலத்திற்கும் பள்ளிக்கூடத்திற்கும் இத்தகைய சோதனை வேண்டும் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றிய காலத்தில், ஒரு சிறுபாலத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கை நுழையுமளவு பொந்துகள். கம்பிகளோ துருவேறி இளைத்திருந்தன. கான்கிரீட்டைச் சரியாகக் குத்தி இறுக்காமல், பலகையைக் கழற்றியதும் பூச்சால் மறைத்திருக்கின்றனர். அப்பூச்சின் வழவழப்பைக் கண்டு திருப்தியுடன் திரும்பியவர்களுள் நானும் ஒருவன்.

இத்தகைய பொந்தைக் காரையே காட்டிக்கொடுக்கும் வழியை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். கார்பன் நானோ குழாய் எனப்படும் கரி நுண்குழாய்களை 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா உலகறிய விவரித்தார். அவை தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியவை. மின்சாரத்தை நன்கு கடத்துபவை. கீழடிப் பானையோடுகளின் கரும்பூச்சிலும் இவை இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தனர்.

சிமெண்டின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இவற்றைக் கலந்தாலே காரை மின்சாரத்தைக் கடத்தும். வாய்க்காலில் பாறை குறுக்கிட்டால் நீர் சுற்றிச் செல்வதுபோல, பொந்துள்ள இடத்தில் மின்னோட்டம் சுற்றிச் செல்லும். வெளிப்புறத்தில் பல இடங்களில் அதனை அளந்தால் பொந்தின் இடம் புலப்படும். ஆயினும் இக்குழாய்கள் விலை மிகுந்தவை. ஒன்றோடொன்று திரண்டு கட்டிப்படுபவை. ஆகவே இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலைகளிலேயே உள்ளது.

அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கலவையில் தண்ணீரை அளந்து ஊற்றச் செய்யுங்கள். அதிர்வுக் கருவியால் இறுக்கிய பின்னரே அடுத்த சட்டி கொட்டப்படட்டும். இன்றைய கலப்புச் சிமெண்டாயின் 10 நாட்களேனும் ஈரம் காயாமல் காக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, பலகை கழற்றும் நாளில் உங்களில் இருவரேனும் அங்கே இருப்பது. பூசுமுன் கண்ணால் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்டால் பூச்சை நிறுத்திப் பொறியாளரை அழையுங்கள். ஆழத்திலுள்ள பொந்தை அறிய ஒலியலைச் சோதனையும் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுங்கள்.

அந்தப் பாலத்தின்மேல் உங்கள் மிளகு மூட்டை மட்டுமன்றி, உங்கள் குழந்தைகளும் செல்லவிருக்கின்றனர். நான் பார்க்கத் தவறியதை நீங்கள் தவறாது பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.