கடன் முடிந்த வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் காப்புறுதி முகவர் இல்லை. ஆகவே யாரும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டாம்!

நம் கெடாவுக்கு வெள்ளம் புதிதல்ல. 2010 நவம்பர் மழையில் அலோர் ஸ்டார் நகரமே தண்ணீரில் நின்றது. விமான நிலையத்தைக்கூட மூடினார்கள். 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பக்கம் சேற்றையும் மரங்களையும் வீடுகளுக்குள் கொண்டுவந்து தள்ளியது. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங், கூப்பாங்கில் சில மணி நேரத்துக்குள் வீடுகள் போயின, மூன்று உயிர்களும் போயின. மாலைக் காற்றில் கூரை பறப்பது தனிக் கதை.

இப்போது நம் கதைக்கு வருவோம். தோட்டத்தில் பால் வெட்டிய பெற்றோர், லயத்து வீட்டை விட்டு வெளியேறி, 25,000 வெள்ளிக்கு ஒரு மலிவு விலை வீடு வாங்கினார்கள். வங்கிக் கடனை மாதா மாதம் கட்டி முடித்தார்கள். வீட்டுப் பட்டா கைக்கு வந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். அதே நாளில் இன்னொன்று கையை விட்டுப் போயிருக்கலாம். அதைப் பல குடும்பங்கள் கவனிப்பதில்லை.

கடன் இருந்த காலத்தில் பெரும்பாலும் இரண்டு காப்புறுதிகள் இருந்திருக்கும். ஒன்று, கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அடைப்பது. 'எங்கள் வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது' என்று பலர் சொல்வது இதைத்தான். இது கூரையில் ஒரு ஓட்டைக்கூட மாற்றித் தராது. மற்றொன்று தீக்காப்புறுதி. வங்கி கேட்டதால் எடுத்தது. ஆண்டுதோறும் வங்கியே நினைவுபடுத்திப் புதுப்பித்தது. கடன் முடிந்தால் வங்கிக்கு அந்த வீட்டில் அக்கறை இல்லை. புதுப்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். புதுப்பித்தீர்களா?

சரி, புதுப்பித்தோம் என்கிறீர்களா? எதைப் புதுப்பித்தீர்கள் என்று பாருங்கள். அடிப்படைத் தீக்காப்புறுதி என்பது தீ, இடி மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கு மட்டும். வெள்ளம் அதில் இல்லை. 'ஹவுஸ்ஓனர்' என்ற வீட்டுரிமையாளர் பாலிசியில்தான் வழக்கமாக வெள்ளம், புயல்காற்று, தண்ணீர்க் குழாய் வெடிப்பு போன்றவை சேர்கின்றன. அதிலும் மண்சரிவுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றில் வேலியோ, கேட்டோ, வெளித் தாழ்வாரமோ போனால் பொதுவாக இழப்பீடு கிடையாது. ஒவ்வொரு வெள்ள இழப்பிலும் முதல் சிறு பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள்.

அடுத்தது தொகை. 'வாங்கிய விலைக்குப் போட்டால் போதாதா?' என்று கேட்பார்கள். போதாது. சந்தை விலையும் கணக்கில்லை, ஏனென்றால் அதில் நிலத்தின் விலையும் இருக்கிறது. நிலம் எரிந்து போவதில்லை. இன்றைக்கு இடித்த இடத்தில் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறை, புதிதாகப் போட்ட மொசைக் எல்லாம் அதில் சேரும். திரும்பக் கட்ட 150,000 வெள்ளி ஆகும் வீட்டுக்கு 75,000 வெள்ளிக்கு மட்டும் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமையலறை எரிந்து 40,000 வெள்ளி நட்டம். '75,000க்குள்தானே இருக்கிறது, முழுசாகக் கிடைக்கும்' என்று நினைப்பீர்கள். பாதிக்குத்தான் காப்புறுதி என்பதால் நட்டத்திலும் பாதி, 20,000 வெள்ளிதான் வரும். மீதிக்கு நீங்களே பொறுப்பு.

கட்டடம் இருக்கட்டும், உள்ளே உள்ள பொருள்களுக்கு? அதற்கு 'ஹவுஸ்ஹோல்டர்' என்ற தனிப் பாலிசி. நம் வீட்டுப் பெண்மணிகள் இங்கே கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். இந்தப் பாலிசியில் நகைக்கு வரம்பு உண்டு. வழக்கமான விதிப்படி, எல்லா நகையும் சேர்ந்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. தனியாக எழுதிக் கொடுக்காத ஒரு நகைக்கு 5 விழுக்காடுதான். 30,000 வெள்ளிப் பாலிசியில் ஓர் ஆரத்துக்கு 1,500 வெள்ளி! இன்றைய தங்க விலைக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே, பெரிய நகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். திருட்டு என்றால் கதவையோ சன்னலையோ உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் கேட்பார்கள். பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கோயில் திருவிழாவுக்குப் போனால் அது சிக்கல்தான்.

இன்னமும் தோட்டத்து வீட்டிலேயே இருப்பவர்கள், 'கட்டடம் நிர்வாகத்துடையது, எங்களுக்கு என்ன?' என்கிறார்கள். கட்டடம் அவர்களுடையது, கட்டில், குளிர்பெட்டி, பிள்ளையின் கணினி உங்களுடையது. வாடகை வீட்டுக்காரர்போல் நீங்களும் பொருள்களுக்கு மட்டும் காப்புறுதி கேட்கலாம். பலகை வீடு என்றால் பிரீமியம் கூடும். அதற்குப் பயந்து 'செங்கல் வீடு' என்று எழுதிவிடாதீர்கள். இழப்பீடு கேட்கும் நாளில் அது வெளிப்பட்டுவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்களின் கட்டடத்துக்கு நிர்வாகம் காப்புறுதி எடுக்க வேண்டும். பொருள்கள் அங்கும் உங்கள் பொறுப்பே.

வெள்ளம் வடிந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, நனைந்ததை எல்லாம் வாரி வெளியே போட்டுக் கழுவுவது. சுத்தம் நல்லதுதான். ஆனால் அதற்கு முன் ஒவ்வோர் அறையையும், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் கைப்பேசியில் படம் எடுங்கள். உடனே காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவர்களின் மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை கெட்டுப்போன சாமான்களை லாரியில் ஏற்றிவிடாதீர்கள். தீ, திருட்டு என்றால் போலீஸ் புகாரும் வேண்டும். நிறுவனம் மறுத்து, அதன் இறுதிப் பதிலிலும் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரியிலிருந்து செயல்படும் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதித்துறைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கடிதத்தை அலமாரியில் வைத்து மறந்துவிடாதீர்கள்.

காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்தால்தான் கிடைக்கும். அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

வரும்போது வீட்டுப் பாலிசியைக் கையோடு கொண்டு வரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவர்கள் இப்போது எடுங்கள். முதல் பக்கத்தில் பாலிசியின் பெயர், தொகை, முடிவுத் தேதி, இந்த மூன்றையும் பாருங்கள். ஒலிவாங்கி பின்வரிசையிலிருந்து வருகிறது. கேள்விகளை அங்கிருந்தே தொடங்கலாம்.