கூட்டின் முகவரி



சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களில் காலை வேளையில் முராய் பத்து பாடினால், மரம் சீவுகிறவர்கூடக் கத்தியை நிறுத்திக் கேட்பார். அந்தக் குரலே அதற்கு எமன். கூண்டில் வைத்துப் பாடவிட ஆசைப்படுவோர் பலர்.

என் மாணவன் ஒருவன் ஓடையோர மரப்பொந்தில் அதன் கூட்டைக் கண்டு வந்து சொன்னான். நான் படமெடுத்து, தோட்டத்தின் பெயரையும் ஓடையின் அடையாளத்தையும் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டேன். பெருமைதான் காரணம். மறுவாரம் பொந்து வெறுமையாயிருந்தது. அருகில் வலைத்துண்டு கிடந்தது. "சார், நீங்க எழுதினதைப் பார்த்துத்தான் வந்தாங்களா?" என்று பையன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அறிஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1999-இல் தென்சீனத்து அரிய பல்லியினம் ஒன்றை விவரித்து எழுதினார்கள். பிராணி வியாபாரத்துக்காக ஆட்கள் தேடிப் பிடித்ததில், முதலில் கண்ட இடத்திலேயே அது அற்றுப்போயிற்று.

அப்படியானால் வாய்மூடி இருந்துவிடலாமா? அதுவும் தவறு. சாலை போடுவோருக்கும் காடு திருத்துவோருக்கும் அங்கே ஓர் உயிர் இருப்பது தெரியாவிட்டால், அதை விட்டுவைக்கத் திட்டமிடுவது எப்படி?

நடுவழி ஒன்று உண்டு. ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையத்தளம், ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை மறைத்து, 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே அக்கட்டத்தின் பக்கம் சுமார் 22 கிலோமீட்டர். இந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று ஊர் அறியும். எந்த மரம் என்று வேடன் அறியான். இபேர்ட் என்னும் பறவைப் பதிவேடும் இவ்வாறே சில இனங்களின் இடத்தை மறைக்கிறது. ஆற்றோரம் பாடும் பராவ்-பராவ் பறவை, கூண்டு வியாபாரத்தால் குறைந்து, 2018-இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. அத்தகையவற்றுக்கு இந்த மறைப்பு அவசியம்.

நேயர்களே, அரிய உயிரைக் கண்டால் துல்லியமான இடத்தைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பொதுவில் போடும் படத்தில் ஊர், ஓடை, மைல்கல் எதுவும் வேண்டாம். சில கைப்பேசிகள் படத்துக்குள்ளேயே இடத்தைப் பதித்துவிடும், அதையும் நிறுத்திவையுங்கள்.

கண்டதைச் சொல்வது கடமை. யாரிடம் எவ்வளவு சொல்வது என்று அறிவதே படிப்பு. இதை நான் என் மாணவனுக்கு முன்பே கற்றிருக்க வேண்டும்.