கேட்பதற்கு முன்னால் கேட்டுப் பார்த்தோம்



வீடு, வருமானம், கடன் பற்றி ஊர் முழுக்கக் கணக்கெடுக்கப் போகிறோம். அதற்கு முன்னால் கேள்வித்தாளைச் சில வீடுகளில் மட்டும் கேட்டுப் பார்க்கும் வேலையை எங்கள் நாலு பேரிடம் கொடுத்தார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

"வீடு சொந்தமா, வாடகையா?" இதுதான் முதல் கேள்வி. ஒரு அக்கா, "சொந்தம்தான், ஆனா பட்டா மாமனார் பேருல" என்றார். மாமனாருக்கு நாலு பிள்ளைகள்! இன்னொருத்தர் வீடு அவர் கட்டியது, இடம் புறம்போக்கு. ஒத்திக்கு இருக்கிறவங்க வாடகையே கொடுப்பதில்லை. இவங்களை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? அதனால் வீடு யாருடையது, மனை யார் பேரில் என்று இரண்டாகப் பிரித்தோம். வீட்டுத் திட்டத்துக்கு மனு கொடுக்கப் போனால் முதலில் கேட்பது பட்டாவைத்தானே.

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம் என்று எழுதினோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படித்தான்.

"கடன் இருக்கா?" என்றால் எல்லாரும் "இல்லை" என்றார்கள். எழுந்திரிக்கும்போது, "நாளைக்குத் தவணை கட்டணும், நகையையும் திருப்பணும்" என்கிறார்கள்! நம்ம பெண்களுக்குக் கடன் என்றால் வட்டிக்காரரிடம் வாங்கியது மட்டும்தான். குழுக் கடன், நகை அடகு, கைமாத்து, மளிகைக்கடை பாக்கி என்று பேர் சொல்லிக் கேட்டால்தான் வருது. மாமியார் திண்ணையில் இருந்தால் அதுவும் வராது. அதனால் இந்தக் கேள்வியைக் கடைசியில், தனியாக வைத்துக் கேட்கணும்.

மாத வருமானம் கேட்டால் சிரிக்கிறாங்க. நடவு, அறுப்பு, நூறு நாள் வேலை என்று வாழ்கிற வீட்டில் மாதக் கணக்கு ஏது? "போன வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க, கூலி எவ்வளவு" என்று கேட்டால் உடனே சொல்றாங்க.

ஆனால் ஒரு பயம் இருக்கு. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய்க்கு 2023-ல் விண்ணப்பம் வாங்கியபோது குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கணும் என்றார்கள். "உண்மையைச் சொன்னா அந்தப் பணம் நின்னுடுமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். "இந்தத் தாள் கூட்டமைப்பை விட்டு வெளியே போகாது" என்று அவளுக்குச் சொல்லணும். அந்த வாக்கை நாங்க நாலு பேர் கொடுக்க முடியாது, கூட்டமைப்புதான் கொடுக்கணும். தாளில் பேர் வேண்டாம், எண் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கோம். அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமான பிறகு தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகலாம்.